அப்பா கேட்ட படையல்

வின்ட்வர்ட், கேரியகூ தீவு
9 பிப்ரவரி 1976

அன்புத் தம்பி கத்பர்ட்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். நீயும் வின்னியும் அந்தக் குளிரில் இருமாமல் இருக்கிறீர்களா என்று எழுது. எனக்கு முழங்கால் வலி மட்டும்தான் புதுசு. மற்ற வலியெல்லாம் பழசு, அதை எழுத வேண்டியதில்லை.

நீ பிடித்துக் கொடுத்த அந்த இங்கிலாந்து டாக்டரின் கப்பல் கரையில் நிற்கிறது. நாற்பத்திரண்டு அடி. பக்கப் பலகை எல்லாம் அடித்தாயிற்று, இப்போது பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும் கலப்பத்து நடக்கிறது. கண் விழித்தால் சுத்தியல் சத்தம், கண் மூடும்வரை சுத்தியல் சத்தம். மார்ச் கடைசியில் கடலில் இறக்கி, பாய் கட்டி, ஏப்ரல் முடிவதற்குள் ஆன்டிகுவா போய், அங்கிருந்து சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்து என்று உன் அத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். கட்டுவது ஒரு வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஏன் ஒரே மனுஷன் தலையில் கட்டினாய்? கூடவே அவருடைய அண்ணன் மகன் பெர்ரிஸும், சமையலுக்கு டால்மனும் போகிறார்கள். பெர்ரிஸ் மனைவி கிளெண்டாவுக்கு இது மூன்றாம் மாதம்.

நேற்றுச் சாப்பிடும்போது உன் அத்தானிடம், "எப்போ திரும்பி வருவீங்க?" என்று கேட்டேன்.

"அதக் காத்துகிட்ட கேளு" என்றார் ஹால்டேன்.

"முப்பத்திமூணு வருஷமா அதுகிட்டதான் கேக்கறேன். அது உங்களவிட அழுத்தம், வாயே தொறக்காது."

சிரித்தார். சிரித்துவிட்டு மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். அவருக்கு அறுபத்தொன்று முடிந்துவிட்டது தம்பி. இதுவரை போனதெல்லாம் டிரினிடாட், கயானா, ஒரே ஒருமுறை பெர்முடா. அதற்கே நான் கரையில் நின்று நின்று அலுத்துவிட்டேன். அப்பாவை முழுங்கின கடல்தான் இது. அன்றைக்கும் இதே கரையில் அம்மாவோடு ஒன்பது நாள் நின்றேன், உனக்கு அப்போது பதினைந்து வயது. களைத்துவிட்டேன் என்று சொன்னால் இங்கே யாருக்கும் விளங்காது. 'நின்னதுக்கா களைப்பு?' என்பார்கள்.

ஒன்று கேட்டுச் சொல். அந்த டாக்டர் தன் கப்பலை ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாதா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா,
ஓரியல்


ஹடர்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்து
27 பிப்ரவரி 1976

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் போல ஏதாவது தேய்த்துக்கொள், நடக்காமல் இருக்காதே. நான் சுகம். வின்னி லீட்ஸில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்ததும் எழுதுவாள்.

டாக்டர் ஹெப்பிளிடம் கேட்டேன். எழுபத்துநாலு வயசுக்காரர், என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. "பாய் விரித்து வராத கப்பல் எனக்கு எதற்கு?" என்கிறார். இந்தக் கோடை முழுக்க அதில் திரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அடுத்த கோடையைப் பற்றி அவர் பேசுவதில்லை.

அத்தானுக்குச் சொல்: ஆன்டிகுவாவை விட்டு மே பாதிக்குள் கிளம்பியாக வேண்டும். முதலில் வடக்கே ஏறி, மேற்குக் காற்றைப் பிடித்து, கிழக்கே திரும்பி அசோர்ஸ் தீவுகள். அங்கே ஹோர்ட்டா துறைமுகத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பிறகு இங்கிலாந்தின் ஃபால்மத். ஜூன் பிறந்துவிட்டால் புயல் காலம் வாசலில் நிற்கும். வழிகாட்டிப் புத்தகத்தை நூலகத்தில் உட்கார்ந்து வரி விடாமல் படித்துவிட்டேன். இங்கே கணப்பு உண்டு, பகல் முழுக்க உட்காரலாம். நான் கப்பலோட்டிய காலத்துப் பழைய செக்ஸ்டன்ட்டையும் அலமாரி மேலிருந்து எடுத்துத் துடைத்தேன். சூரியனை அளந்து நிற்கும் இடத்தைக் கணக்குப் போடலாம் என்று பார்த்தால் இந்த ஊரில் சூரியன்தான் இல்லை.

பெரிய பாய்க்கு என்ன துணி? பாய்மரம் எத்தனை அடி? சுக்கான் கைக்கு எந்த மரம்? எல்லாம் விவரமாக எழுதச் சொல், அக்கா. அத்தான் எழுத மாட்டார், நீ கேட்டு எழுது.

பாசமுள்ள தம்பி,
கத்பர்ட்


வின்ட்வர்ட்
22 மார்ச் 1976

அன்புத் தம்பி கத்பர்ட்டுக்கு,

நலம். உன் நலத்துக்கு நேற்றுப் பூசையில் வேண்டிக்கொண்டேன். பாய்மரம் ஐம்பது அடி, சுக்கான் கைக்கு என்ன மரம் என்று கேட்டதற்கு உன் அத்தான் "மரத்துல செஞ்ச மரம்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பா கனவில் வந்தார். சட்டையெல்லாம் ஈரம். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "எல்லாருக்கும் கப்பல் எறக்கறீங்க. எனக்கு ஒரு வாய் சோறு போட இந்த வீட்ல ஆளில்ல. நான் சாப்பிடாம இந்தக் கப்பல் தண்ணியத் தொடக் கூடாது" என்றார். சோளக்களி, துவரை போட்ட சோறு, ஆட்டுக்கறி, சங்குக்கறி, ஒரு குவளை ரம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெளியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இங்கே கனவுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, உனக்கே தெரியும். செத்தவர் கேட்டால் போட வேண்டும். ஹால்டேன், "மாமா கேட்டா குடுத்துதான் ஆகணும்" என்று மட்டும் சொன்னார். இன்றைக்குச் சுத்தியல் சத்தம் இல்லை.

வருகிற சனிக்கிழமை, தவக்காலம் என்பதால் ஆட்டம் பாட்டமில்லாமல், சாமியார் தண்ணீர் தெளித்ததும் இறக்கிவிடுவதாக இருந்தது. அதெல்லாம் இனி முடியாது. படையல் என்றால் கறி வேண்டும், முரசு வேண்டும், தவக்காலத்தில் இரண்டும் ஆகாது. ஈஸ்டருக்குப் பிறகு என்றால் முரசுக்காரர்களுக்கு எல்லாச் சனிக்கிழமையும் எங்காவது கல்லறைக்கல் நாட்டும் சடங்கு. மே எட்டாம் தேதிதான் காலி. படையலும் கப்பல் இறக்குவதும் அன்றைக்கே. நான் என்ன செய்ய? அப்பாவே கேட்டுவிட்டார்.

ஓரியல் அக்கா


ஹடர்ஸ்ஃபீல்ட்
6 ஏப்ரல் 1976

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, பிறகு விசாரிக்கிறேன்.

அப்பா சங்குக்கறி கேட்டாரா? ஒரு துண்டு பட்டாலே அவருக்கு உதடு வீங்கிவிடும். அம்மா நமக்குச் சங்கு சமைக்கும் நாளில் அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்காருவார். உனக்கு அப்போது இருபது வயசு தாண்டியிருந்தது, எனக்கே நினைவிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கழித்து வந்து அதையா கேட்டார்?

மே எட்டில் இறக்கினால், பாய்மரம் நட்டு, கயிறு கட்டி, அடிப்பாரம் ஏற்றி முடிக்க நாலு வாரம். ஆன்டிகுவா சேர இன்னும் ஒரு வாரம். ஜூன் நடுவில் நடுச்சமுத்திரத்துக்குப் போகச் சொல்கிறாய். போவது மூன்று பேர். அதில் ஒருவன் பிள்ளை முகம் பார்க்காதவன்.

வந்த கனவைத் தடுக்க நான் யார்? வராத கனவாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. இன்னும் நாள் இருக்கிறது.

கத்பர்ட்


வின்ட்வர்ட்
24 ஏப்ரல் 1976

அன்புத் தம்பி கத்பர்ட்டுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிற்று. உனக்கு அங்கே பண்டிகைச் சாப்பாடு கிடைத்ததா? இங்கே திங்கட்கிழமை படகுப் போட்டி நடந்தது. டால்மன் தண்ணீரில் விழுந்து, எழுந்து, "எறங்கி ஆழம் பாத்தேன்" என்று சமாளித்தான். கப்பலோட்டப் போகிறவன் லட்சணம் இது. ஆட்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன். இரண்டு கிடா, ஒரு வெள்ளாடு. பாய்க்குத் தையல் நடக்கிறது, என் கட்டைவிரல் முழுக்க ஊசிக் குத்து. கிளெண்டாவுக்கு வாந்தி நின்று வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் கப்பல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். "போய்ப் படுடி" என்றால், "இருக்கட்டும் அத்தை" என்கிறாள். 

நீ நூலகத்தில் பகல் முழுக்க உட்காருவதாக எழுதியிருந்தாய். பகலில் நீ மில் வேலையில் அல்லவா இருக்க வேண்டும்? வின்னி லீட்ஸிலிருந்து வந்துவிட்டாளா?

மழை இல்லை. தொட்டியில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஓரியல் அக்கா


வின்ட்வர்ட்
10 மே 1976

தம்பி கத்பர்ட்,

உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை, நீ கேட்டதற்கு நான் சொல்லவில்லை. ஆக, வழக்கு சமம். சுகமாக இருக்கிறாயா என்றாவது எழுது.

கப்பல் கடலில் இறங்கிவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே கூட்டம். வெள்ளாட்டை முன் தளத்தில் அறுத்து ரத்தம் தெளித்தார்கள், சாமியார் வந்து அதன்மேலேயே தீர்த்தமும் தெளித்தார், செத்தவர்களுக்கும் ஆண்டவருக்கும் சண்டை வராமல். கப்பலுக்கு ஞானத்தாய் நான்தான். பெயரை மூடியிருந்த கொடியை இழுத்துத் திறந்துவிட்டேன். 'மார்ஜரி' என்று இருந்தது. டாக்டருடைய செத்துப்போன மனைவியாம். முப்பத்துமூன்று வருஷம் இந்த மனுஷனுக்குச் சமைத்துப் போட்டவள் நான், கப்பலில் பெயர் மார்ஜரிக்கு! பிறகு முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கோடரியால் வெட்டினார்கள். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது, உருளைகளை வைத்துக் கயிறு கட்டி ஊரே இழுத்தது. தண்ணீரைத் தொட்டதும் எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், எதற்கு என்று தெரியவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு மேசை போட்டிருந்தேன். வெள்ளைத் துணி விரித்து, நடுவில் மெழுகுவத்தி, கேட்ட பண்டம் எல்லாம் பெரிய தட்டில். செத்தவர்கள் வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்து யாரும் உள்ளே போகாமல் விட்டோம். ஊர்க்காரர்கள் முரசடித்து அவர் பேரைச் சொல்லி ஆடினார்கள். "ஜெரோம் சாப்பிட்டானா?" என்று கிழவர்கள் ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். "சாப்பிட்டார்" என்று சொன்னேன்.

அப்பா வரவில்லை, கத்பர்ட். அன்றைக்கும் வரவில்லை, மார்ச் மாதமும் வரவில்லை. இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட என் கனவில் வந்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் அவரவர் செத்தவர்கள் வருகிறார்கள், சட்டை கேட்கிறார்கள், கஞ்சி கேட்கிறார்கள். என்னிடம் ஒன்றும் கேட்காதவர் அவர். அவர் வாயில் பொய்யைத் திணித்து ஊருக்கே சோறு போட்டுவிட்டேன்.

நாள் தவறினால் பயணமே நின்றுவிடும் என்று நினைத்தேன். நீதானே மே பாதி, மே பாதி என்று எழுதினாய். ஆனால் உன் அத்தான் நிற்கவில்லை. "ஜூன்லயே போவோம்" என்கிறார். நல்ல பருவத்தில் போயிருக்க வேண்டியவரைக் கெட்ட பருவத்தில் அனுப்பப் போகிறேன். கிளெண்டாவை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. என்ன செய்யட்டும் சொல்.

அக்கா


ஹடர்ஸ்ஃபீல்ட்
21 மே 1976

அக்கா,

சுகம்தான். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வைத்திருந்து எழுதுகிறேன். கோபம் போகவில்லை.

டாக்டரிடம் அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இதைக் கேட்டுச் சொல்" என்றார். கொடுத்த வாக்கு என்னுடையது, கட்டிய கை அத்தானுடையது. அவரும் வாக்கு மாற மாட்டார்.

ஒன்றே ஒன்றுதான் செய்யலாம். அத்தானிடம் உண்மையைச் சொல். எந்தப் பருவத்தில், எதனால் போகிறோம் என்று தெரிந்து போகட்டும், அல்லது தெரிந்து நிற்கட்டும். செத்தவர் சொன்னார் என்று நம்பிக்கொண்டு போகிறவனுக்குக் கண் கட்டியது போல. திட்டுவாரோ என்று பயந்தால், நான் சொல்லச் சொன்னதாகச் சொல்.

கத்பர்ட்


வின்ட்வர்ட்
2 ஜூன் 1976

தம்பி கத்பர்ட்டுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உட்கார்ந்து நிதானமாகப் படி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அன்றைக்கே மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது, தட்டு வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். "அப்பா வரல. நான்தான் கட்டிச் சொன்னேன். உங்கள நிறுத்தறதுக்கு."

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உங்கப்பாகூட மூணு வருஷம் கப்பல்ல போயிருக்கேன்டி. சங்குன்னாலே அந்த மனுஷன் காத தூரம் ஓடுவாரு."

"தெரிஞ்சா ஏன் பேசாம இருந்தீங்க? ஊரக் கூட்டிக் கிடா வெட்டினப்போ எங்க போச்சு வாய்?"

கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குப் போகப் புடிக்கல ஓரியல். பயமா இருக்கு. பெர்முடா போயிட்டு வந்ததிலேருந்தே பயம். பன்னெண்டு வருஷமாச்சு. ராத்திரி காவல்ல நின்னா அலை சத்தத்துக்கே சுக்கானக் கெட்டியாப் புடிச்சுக்கறேன். நீ கனவுன்னு சொன்னப்போ, ஆண்டவரே, ரெண்டு மாசம் கெடச்சுதுன்னு இருந்துச்சு."

நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் தம்பி! அதற்குப் பிறகும் எத்தனை தடவை போனார், எத்தனை தடவை நான் கரையில் நின்று, 'மனுஷனுக்கு வீடு கசக்குது, கடல்தான் இனிக்குது' என்று வயிறெரிந்தேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அப்ப போகாதீங்க" என்றேன்.

"எப்படிப் போகாம இருக்கறது? பயந்துட்டேன்னு சொல்லவா? இந்த ஊர்லயா? பெர்ரிஸ் முன்னாலயா?" அப்புறம்தான் அதைக் கேட்டார். குழந்தை தின்பண்டம் கேட்பது போலக் கேட்டார். "உங்கப்பா இன்னொரு தடவ வர மாட்டாரா?"

கத்பர்ட், நீ கண்ணைக் கட்டாதே என்று எழுதினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேற்றுக் காலை வேலைக்கு ஆட்கள் கூடியிருந்த நேரத்தில் கப்பல் பக்கத்தில் போய் நின்று, அப்பா மறுபடி வந்தார், 'ஹால்டேனுக்கு இந்தச் சமுத்திரத்தில் இடமில்லை' என்று சொன்னார் என்று சொல்லிவிட்டேன். உன் அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். "பாவம், எவ்வளவு ஆசையா இருந்தான்" என்று ஆளுக்கு ஆள் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இனி நீதான் பார்க்க வேண்டும். பெர்ரிஸுக்குச் சூரியனை அளக்கத் தெரியாது. ஆன்டிகுவாவரை தீவுக்குத் தீவு கண்ணில் தெரிகிற வழி, அதுவரை அவனும் டால்மனும் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதற்கு மேல் ஓட்ட டாக்டரையே யாராவது கேப்டனைப் பிடிக்கச் சொல். உலகத்தில் கேப்டனுக்கா பஞ்சம்?

என்மேல் கோபப்படு, பரவாயில்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேற்று நிம்மதியாகத் தூங்கினேன். அவர் குறட்டை விட்டார், அதற்குக்கூட நன்றி சொன்னேன்.

அக்கா


இங்கிலிஷ் ஹார்பர், ஆன்டிகுவா
21 ஜூன் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் சுகமா? மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை இந்நேரம் பார்த்திருப்பாய். கத்தாதே, முழுக்கப் படி.

டாக்டரிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லப் போனேன். கேப்டன் ஒருவர் தேவை என்றேன். "யார் இருக்கிறார்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, "நான்" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் விமானத்துக்கு ஏற்பாடு செய்தார். எட்டு நாளில் இங்கே நிற்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. மில்லைப் போன அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். காலையில் எழுந்து, வேலைக்குப் போகிறவன் மாதிரி உடுத்திக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்காருவேன். வின்னி தங்கை வீட்டுக்குப் போனது உண்மை. திரும்பி வருவதாக அவள் சொல்லவில்லை, அதை நானாகச் சேர்த்து எழுதினேன். குறை சொல்வதற்கில்லை, பேசாத மனுஷனோடு எத்தனை நாள் குடித்தனம் செய்வாள்? ஆக, கதை கட்டியது நீ மட்டும் இல்லை. நான் அப்பாவை இழுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெர்ரிஸைத் திருப்பி அனுப்புகிறேன். அவன் அழுதே விட்டான், சந்தோஷமா வருத்தமா என்று அவனுக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவன்தான் கொண்டுவருகிறான். அவனுக்குப் பதில் இந்த ஊர் ஆள் ஒருவன், வயசானவன், தொழில் தெரிந்தவன். டால்மன், "நான் எறங்க மாட்டேன், எறங்கினா ஆழம் பாக்கத்தான் எறங்குவேன்" என்கிறான். நாளைக்குக் கிளம்புகிறோம். தண்ணீர் பீப்பாய், அரிசி, உப்பு மீன், எலுமிச்சை எல்லாம் ஏற்றியாயிற்று. பாய்த் தையல் பிரமாதம், யார் தைத்தது என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். என் அக்கா என்று சொன்னேன்.

எனக்கும் பயம்தான் அக்கா. தனக்கு மட்டும் இருப்பதாக அத்தான் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த நூலக நாற்காலியில் இன்னும் ஒரு குளிர்காலம் உட்கார என்னால் முடியாது. அதற்கு இதைவிடப் பயம்.

எழுத வேண்டுமானால் ஹோர்ட்டா தபால் நிலையத்துக்கு எழுது, என் பெயரும் கப்பல் பெயரும் போட்டு. வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
கத்பர்ட்


பார்புடாவுக்கு வடக்கே
23 ஜூன்

அக்கா, ஒரு மீன்படகு அருகில் வந்திருக்கிறது, கரைக்குப் போய்த் தபாலில் போடுவதாகச் சொல்கிறார்கள். பென்சிலில் எழுதுகிறேன், கப்பல் ஆடுகிறது. நேற்று முழுக்க வாந்தி. பதினைந்து வருஷம் மில்லில் இருந்தவனின் கை, கயிறு பட்டு உரிந்துவிட்டது. இடுப்பு நிமிரவில்லை. கப்பல் நன்றாக ஓடுகிறது, கிழக்குக் காற்று, தண்ணீர் ஒழுகவே இல்லை, அத்தானிடம் சொல். பின்னால் திரும்பிப் பார்த்தேன், கரை போய்விட்டது. படகுக்காரன் அவசரப்படுத்துகிறான். சுகமாக இரு. கத்


வின்ட்வர்ட்
8 ஜூலை 1976

கத்பர்ட், 'மார்ஜரி' கப்பல்,
தபால் நிலையம், ஹோர்ட்டா.

என் தம்பி,

இதை நீ கையில் பிடித்துப் படிக்கிறாய் என்றால் ஆண்டவருக்குத் தோத்திரம். படிக்கிற உனக்குச் சுகம் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே நாங்கள் இருக்கிறோம். கிளெண்டா சுகம், பெர்ரிஸ் அவளை ஒரு செம்பு தூக்க விடுவதில்லை. உன் பென்சில் கடிதமும் நேற்று வந்துவிட்டது.

பெர்ரிஸ் உன் கடிதத்தை நீட்டிய அன்றைக்கு உன்னைத் திட்டிய திட்டு கடல் தாண்டியும் கேட்டிருக்கும். ஒருத்தரைப் பிடித்து வீட்டுக்குள் போட்டுத் தாழ்ப்பாள் போட்டேன், நீ மறுகதவு வழியாக வெளியே போய்விட்டாய். உன்னை நான் கேட்டேனா? கேப்டன் பிடி என்றால் பிடிக்க வேண்டியதுதானே? உனக்கு ஒன்று ஆனால் அது நான் செய்தது, வேறு யாரும் செய்ததில்லை. வின்னி விஷயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். வேலை போனதைச் சொல்லியிருக்கலாம். நம் வீட்டு ஆண்களுக்கெல்லாம் ஆண்டவர் நாக்கை எதற்காக வைத்தார் என்று தெரியவில்லை. உன்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு பாசம், அதையும் சேர்த்துப் படி.

பெர்ரிஸ் சொன்னதைக் கேட்டதிலிருந்து உன் அத்தான் மூன்று நாள் யார் வீட்டுக்கும் போகவில்லை, சுத்தியலைத் தொடவில்லை. "நான் போயிருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "போயிருந்தா இப்போ யாரு என்கூட சண்ட போடறது?" என்றேன்.

நான் தினமும் விடிந்ததும் கரைக்குப் போகிறேன். பழைய வேலைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. இன்று காலை நான் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் பின்னால் மணலில் காலடி கேட்டது. உன் அத்தான். வந்து பக்கத்தில் நின்றார். கையை நெற்றிக்கு மேல் வைத்து இடமும் வலமும் பார்த்தார்.

"எங்க பாக்கணும்?" என்றார்.

"எங்கயும் பாக்க வேண்டாம். சும்மா நிக்கணும்."

நின்றார். வெயில் ஏறியது. கடலோடியாக நாற்பது வருஷம் இருந்தவர், கால் மாற்றி மாற்றி நின்றார், இடுப்பில் கை வைத்தார், எடுத்தார், ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

"இப்படியேதான் நின்னியா? ஒவ்வொரு தடவையும்?"

"ஆமா."

நான் வீட்டுக்குத் திரும்பினேன், அடுப்பு மூட்ட வேண்டும். கூப்பிட்டேன், வரவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

உன் அக்கா,
ஓரியல்